தீலொசுத் தீவில் ஒரு பகல்

பண்டைக் கிரேக்கரின் சரித்திரத்தை நம் மாணாக்கர் பெரும்பாலும் ஏதென்சு, ஸ்பாட்டா என்னும் இரு நகரங்களின் சரித்திரமாகவே கற்றுவருகின்றனர். பாரசீகரோடு நிகழ்ந்த போர்களைக் கற்குமிடத்துத் தீலொசுச் சங்கம் என்றொரு பெயர் வரும். பரீட்சைக்கு வேண்டிய ஆண்டை மனனஞ் செய்தபின், அச்சங்கத்துக்குப் பெயரளித்த தீவு எத்தகையது என்று வினவுவோர் சிலரே. அத்தீவு இன்றும் ஈஜியன் கடலின் நடுவே உள்ளது. ஊர் என்று சொல்லத்தக்க குடியிருப்பு அங்கு இல்லை. இடிந்த கோயில்களும் வீடுகளும் கடைவீதிகளும் ஒரு முழு நகரமாகத் திறந்து கிடக்கின்றன. காவலரும் அகழ்வாராய்ச்சியாளரும் ஒழிந்த ஏனையோர் பகலிற் சென்று பகலிலேயே மீளல் வேண்டும். இரவு தங்க அனுமதி இல்லை.

அவ்வொரு பகலை எவ்வாறு பயன்படுத்தல் வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இடிபாடுகளைக் கண்டு வியத்தல் எளிது. அவற்றை வாசித்தல் அரிது. வாசிக்கப் புகுவோன் ஒவ்வொரு கல்லின் முன்னும் மூன்று வினாக்களை எழுப்புவானாக. இதனை நாட்டினவர் யாவர்? அதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது? இக்கல்லிற் பெயர் பொறிக்கப்படாது விடப்பட்டோர் யாவர்? மூன்றாவது வினாவே கடினமானது. அதனை எவரும் தவிர்க்கவியலாதபடி நம்முன் வைக்கும் இடம் தீலொசு.

தீவின் இயல்பும் கதையும்

ஈஜியன் கடலின் தென்பகுதியிற் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் ஒன்றுக்குச் சைக்கிளாடீசு என்பது பெயர். வட்டம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. தீலொசைச் சூழ்ந்து வட்டமாய் நிற்பன என்பது கருத்து. நடுவே நிற்கும் தீவோ மிகச் சிறியது. நீளம் ஏறக்குறைய 5 கிலோமீற்றர். அகலம் மிக்கவிடத்து 1.3 கிலோமீற்றர். கருங்கற்பாறையும் புதரும் மண்டிய அந்நிலத்தில் விளைநிலம் குறைவு, நன்னீர் அரிது, நிழல் தரும் மரங்களும் இல்லையென்றே சொல்லலாம். கோடையில் வடதிசையிலிருந்து வீசும் வன்காற்றுக் கடலைக் கொந்தளிக்கச் செய்யுமாயின், அயலிலுள்ள மிக்கொனொசுத் தீவிலிருந்து அரைமணி நேரத்திற் சென்றடையும் படகும் புறப்படாது நின்றுவிடும்.

இத்துணை வறிய நிலம் கிரேக்கர் பலர்க்கும் புண்ணியத் தலமாயினது எங்ஙனம்? அவர்தம் புராணம் ஒரு காரணங் கூறும். தேவர்க்குத் தலைவனாகிய சியூசினாற் கருவுற்ற லீற்றோ என்பாள், அவன் மனைவி ஹீராவின் சினத்துக்கு அஞ்சிய நாடுகள் யாவும் இடங்கொடாது மறுத்தமையின், மகவு பெற ஓரிடமின்றி அலைந்தாள். இறுதியில் அவளை ஏற்றுக்கொண்டது தீலொசு. ஆங்கு ஒரு பேரீச்ச மரத்தைப் பற்றிக்கொண்டு அவள் அப்பொலோவைப் பெற்றாள். அவனுடைய உடன்பிறப்பாகிய ஆர்ட்டெமிசும் அங்கேயே பிறந்தாள் என்பது பெருவழக்கு. அப்பேரீச்சை கிரேக்கர் உள்ளத்தில் நெடுங்காலம் நின்றது. ஹோமரின் ஒடிசிக் காவியத்திற் கரையொதுங்கிய ஒடிசியசு, நௌசிக்கா என்னும் அரசகுமாரியைக் கண்டவுடன், தான் தீலொசிற் கண்ட இளம் பேரீச்சையையே நினைவுகூர்கின்றான்.

அப்பொலோவைப் போற்றும் பழைய துதிப்பாடல் ஒன்றில் வேறொரு நுட்பமும் உண்டு. தனக்கு விளைநிலம் இல்லையே என்று தீவு தயங்கியபொழுது, வழிபட வருவோர் கொணரும் காணிக்கையே அதனை ஊட்டும் என லீற்றோ வாக்களித்தாள் என்பது அது. புராணம் கூறிய அவ்வாக்கே பின்னர்ச் சரித்திரமாகவும் ஆயிற்று. தீலொசு தன் மண்ணால் வாழ்ந்ததில்லை. பிறர் கொணர்ந்த பொருளாலேயே வாழ்ந்தது. அதனால் அதன் வாழ்வும் தாழ்வும் என்றும் பிறர் கையிலேயே இருந்தன. இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொண்டு கரையிறங்குதல் நன்று.

பிறப்பும் இறப்பும் விலக்கப்பட்ட நிலம்

புனிதத்துக்கு ஒரு விலை உண்டு. தீலொசில் அதனைக் கொடுத்தோர் அத்தீவின் மக்கள். கி. மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்சின் தனியாட்சியாளனாயிருந்த பைசிஸ்திராத்தசு, கோயிலிலிருந்து பார்வைக்கு எட்டிய தூரத்துள் இருந்த கல்லறைகளைத் தோண்டி அகற்றுவித்தான். பின்னர்க் கி. மு. 426இல் ஏதென்சு நகரத்தார் தீவு முழுவதிலும் இருந்த கல்லறைகளை எடுப்பித்தனர். எதிரே மேற்கிலுள்ள றெனியாத் தீவே அவற்றுக்கு இடமாயிற்று. இனித் தீலொசில் எவரும் பிறத்தலும் கூடாது, இறத்தலும் கூடாது என்றும் விதி செய்தனர். பேறுகாலம் அடுத்த பெண்டிரும் மரணப் படுக்கையிற் கிடந்தோரும் படகேற்றி றெனியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

தூசிடிடீசு என்னும் சரித்திராசிரியர் இத்தூய்மையாக்கலைப் பற்றிக் கூறுமிடத்து, நாம் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி ஒன்றையும் தருகின்றார். தோண்டிய கல்லறைகளுட் பாதிக்கு மேற்பட்டவை காரியர் என்னும் இனத்தாருடையன என்பது, உடன் புதைத்த ஆயுதங்களாலும் அடக்கஞ் செய்த முறையாலும் அறியப்பட்டதாம். அதுகொண்டு, முற்காலத்தில் அத்தீவுகளிற் காரியர் வாழ்ந்தனர் என்று அவர் துணிகின்றார். முடிபு எவ்வாறாயினும் முறை போற்றத்தக்கது; புதைபொருளைச் சான்றாகக் கொண்டு பழங்குடிகளைப் பற்றி வாதிப்பதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் இஃதொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் றெனியாவில் அகழ்ந்தோர் அவ்வெலும்புகளையும் கலங்களையும் இட்ட பெருங்குழியையே கண்டனர். அதிலிருந்து எடுத்த மட்கலங்கள் இன்று மிக்கொனொசு நூதனசாலையில் உள்ளன. நூலின் கூற்றும் மண்வெட்டியின் சான்றும் இவ்வாறு ஒத்து நிற்பது அரிதினும் அரிது.

பிறந்த மண் என்று சொல்லிக்கொள்ள இயலாத மக்களின் நிலை யாது? தீவின் உரிமை பற்றித் தீலொசார் ஏதென்சாரோடு வழக்காடியபொழுது, ஸ்பாட்டாவின் தலைவன் ஒருவன், உங்களில் எவரும் பிறவாததும் இனிப் பிறக்கப்போவதில்லாததுமான நிலம் உங்களுக்குத் தாய்நாடு ஆவது எப்படி எனும் கருத்துப்பட விடையளித்தான் என்று புளூட்டாக்கு எழுதியுள்ளார். கூர்மையான விடைதான், ஆயின் அவ்விதியைத் தமக்கு விதித்துக்கொண்டவர் தீலொசார் அல்லர் என்பதை அது மறைத்துவிடுகின்றது. கி. மு. 422இல் ஏதென்சார் இன்னும் ஒருபடி மேற்சென்று, அம்மக்களே தூய்மையற்றோர் எனக் குற்றஞ்சாட்டி அவர்களைத் தீவினின்றும் வெளியேற்றினர். அவர்கள் ஆசியக் கரையிற் பாரசீக அதிகாரி அளித்த ஊரொன்றில் அடைக்கலம் புகுந்தனர். அடுத்த ஆண்டில், தெல்பியிற் கிடைத்த தெய்வவாக்கின்படி, மீட்டும் அழைக்கப்பட்டனர்.

துறைமுகத்திலிருந்து கோயிலுக்கு

படகு அடையுமிடம் மேற்குக் கரை. பண்டைக் காலத்தில் இருந்த கடல்மட்டம் இப்பொழுது உயர்ந்துவிட்டமையாற் பழைய கரையோரத்தின் ஒரு பகுதி நீருள் மறைந்து கிடக்கின்றது. இறங்கியவுடன் எதிர்ப்படும் சிறு முற்றவெளியைப் பலர் நின்று நோக்காமலே கடந்து செல்வர். உரோமரின் நாற்சந்தித் தெய்வங்களை வழிபட்ட ஒரு கூட்டத்தாரின் சதுக்கம் அது. அக்கூட்டத்தார் பெரும்பாலும் இத்தாலிய வணிகரிடம் அடிமைப்பட்டிருந்தோரும், அடிமை நீங்கி விடுதலை பெற்றோருமாவர். அவருட் சிலர் தம் பெயரைக் கல்லிற் பொறித்து வைத்தனர். அப்பெயர்களை மனத்திற் குறித்துக்கொள்க. பின்னர் இத்தீவில் வேறோரிடத்திலே அவற்றை நினைக்க நேரும்.

அங்கிருந்து வடக்கே செல்வது புனித வீதி. ஒருபுறம் மசிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப்பு எடுப்பித்த தூண்மண்டபம். மறுபுறம் பெர்காமிய அரசர் எடுப்பித்ததெனக் கொள்ளப்படும் மண்டபம். தீவுக்குத் தொடர்பற்ற மன்னர் இங்கு மண்டபம் எடுப்பித்ததன் காரணம் யாது? கிரேக்கர் பலரும் கூடும் இடத்திற் பெயர் பொறித்தால் அதனைக் கிரேக்க உலகம் முழுவதும் வாசிக்கும். பக்தியும் அரசியலும் ஒரே கல்லில் நின்றன என்க.

வாயிலைக் கடந்தால் நக்சொசுத் தீவினர் நாட்டிய பேருருவச் சிலையின் பீடத்தைக் காணலாம். அப்பொலோவின் அச்சிலை ஏறக்குறைய 9 மீற்றர் உயரம் உடையதாயிருந்தது. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்சின் செல்வரும் சேனாதிபதியுமாகிய நிசியாசு வெண்கலப் பேரீச்சை ஒன்றைக் காணிக்கையாக நிறுத்தினர். காற்றில் அது சாய்ந்து பேருருவையும் வீழ்த்தியது என்பது புளூட்டாக்கு தரும் செய்தி. இன்று அச்சிலையின் உடற்பகுதிகள் கோயில்வெளியிற் கிடக்கின்றன. கை தீவின் நூதனசாலையில் உள்ளது. பாதத்தின் ஒரு பகுதி இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

அப்பாற் காணப்படுவன அப்பொலோவின் மூன்று கோயில்களின் அத்திவாரங்கள். அவற்றுட் பெரியதன் வரலாறே தீலொசுச் சங்கத்தின் வரலாறு. கி. மு. 478-477இற் பாரசீகரை எதிர்க்க ஒன்றுகூடிய நகரங்கள், ஒருவர்க்கும் அஞ்சாது பொதுவாய் நிற்கும் இடம் எனத் தீலொசைத் தேர்ந்து, தம் பொதுப் பண்டாரத்தை இங்கு வைத்தன. முதலாண்டின் திறை 460 தாலந்து என்று தூசிடிடீசு கூறுவர். பெருங்கோயிற் பணியும் அக்காலத்தை ஒட்டியே தொடங்கியது. கி. மு. 454இற் பண்டாரம் ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. கோயிற் பணி நின்றது. நூற்றாண்டுகள் கடந்தே மீண்டும் தொடர்ந்தது. ஏதென்சிலோ கி. மு. 447இற் பார்த்தினன் கோயில் எழத் தொடங்கியது. பார்த்தினனைப் போற்றுவோர் அதற்கு இணையாகத் தீலொசின் முற்றுப்பெறாத தூண்களையும் நினைத்தல் நீதியாகும். தோழமை நகரங்களின் சங்கம் ஏதென்சின் பேரரசாக மாறியதை இவ்விரு கட்டடங்களும் ஒருங்கே காட்டுகின்றன.

ஆயினும் ஏதென்சார் தீலொசின் புனிதத்தை வெறும் வேடமாகக் கொண்டனர் எனல் பொருந்தாது. ஆண்டுதோறும் அவர்கள் இங்கு விடுத்த புனிதக் கப்பல் சென்று மீளும்வரை, நகரத்தில் மரணதண்டனை நிறைவேற்றலாகாது என்பது அவர்தம் விதி. கி. மு. 399இற் சோக்கிரதீசு தண்டனை விதிக்கப்பட்ட பின்னரும் ஏறக்குறைய ஒரு திங்கள் சிறையில் உயிரோடிருந்தது இதனாலன்றோ! நண்பரோடு அவர் உரையாடிய அந்நாட்கள் இச்சிறு தீவு தந்த கொடை.

கல்லில் எழுதிய கணக்கு

கி. மு. 314 முதல் ஏறக்குறைய 150 ஆண்டுகள் தீலொசு சுதந்திர நகரமாய் விளங்கிற்று. அக்காலத்துக் கோயிலதிகாரிகள் ஆண்டுதோறும் தம் வரவுசெலவைச் சலவைக்கல்லிற் பொறிப்பித்து யாவரும் காண நிறுத்தினர். சுத்திக்கிரியைக்கு வாங்கிய பன்றியின் விலை, விறகின் விலை, எண்ணெயின் விலை, தச்சர்க்கும் கொத்தர்க்கும் அளித்த கூலி, வீட்டு வாடகை, கோயில் கொடுத்த கடனுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் பெற்ற வட்டி ஆகிய யாவும் அவற்றில் உள்ளன. மன்னர் நாட்டிய மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொள்வோர் பலர். இக்கணக்குக் கல்லின் முன் நிற்போர் சிலர். எனினும் பண்டைக் கிரேக்க உலகின் விலைவாசியை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர்க்கு இவற்றினும் சிறந்த சான்றுகள் மிகச் சிலவே. பொதுப்பணத்தைக் கையாண்டோர் அதன் கணக்கைப் பொதுவிடத்திற் கல்லில் எழுதி நிறுத்திய வழக்கம் எக்காலத்தும் பின்பற்றத்தக்கது.

ஏரியும் சிங்கங்களும்

கோயிலுக்கு வடக்கே பண்டைப் புனித ஏரி இருந்த இடம் உள்ளது. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சி 1925-26இல் அகழ்வாராய்ச்சியாளர் அதனை வற்றச் செய்து, எல்லையைச் சுவரால் அடையாளப்படுத்தினர். லீற்றோவின் நினைவாக நடுவே ஒரு பேரீச்சையும் நட்டனர். ஏரியை நோக்கி வரிசையாக இருப்பவை புகழ்பெற்ற சிங்கங்கள். கி. மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நக்சொசுத் தீவினர் தம் நாட்டுச் சலவைக்கல்லிற் செதுக்கி நாட்டியவை அவை. மெலிந்த உடலும் திறந்த வாயும் உடையனவாய்ப் பின்னங்கால்களில் அமர்ந்துள்ளன. வெளியில் இன்று காணப்படுவன படிமங்கள். காற்றும் உப்பும் தின்ற மூலச்சிலைகள் நூதனசாலையுட் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுளொன்று நெடுங்காலத்துக்கு முன்பே வெனிசு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பொருந்தாத புதுத்தலை ஒன்றைத் தாங்கியவண்ணம், அந்நகரத்து ஆயுதசாலை வாயிலில் இருக்கின்றது.

சந்தை

ஏரிக்கு அருகே பரந்து கிடக்கும் பெரிய முற்றவெளி இத்தாலியர் சதுக்கம் எனப்படும். தீவின் கட்டடங்களுள் இதுவே மிகப் பெரியது. இதனை விளங்கிக்கொள்வதற்குக் கி. மு. 167-166ஆம் ஆண்டுகளை நோக்குதல் வேண்டும். உரோமர் றோட்சுத் தீவின் மீது சினங்கொண்டு, அதன் வணிகத்தை முறிக்கக் கருதித் தீலொசை ஏதென்சுக்கு அளித்து, அதனைத் தீர்வையில்லாத் துறைமுகமாக்கினர். றோட்சின் துறைமுக வருவாய் பத்து இலட்சம் திராக்மாவிலிருந்து ஒன்றரை இலட்சமாக வீழ்ந்தது என்று பொலிபியசு கூறுகின்றார். தீலொசோ செழித்தது. செழித்தவர் தீலொசார் அல்லர். அவர்கள் மீட்டும் ஒருமுறை வெளியேற்றப்பட்டனர். ஏதென்சாரும் இத்தாலியரும் சிரியரும் எகிப்தியரும் வந்து குடியேறினர். கி. மு. 146இற் கொறிந்து நகரம் உரோமரால் அழிக்கப்பட்டபின் அதன் வணிகமும் இங்கு வந்து சேர்ந்தது.

அவ்வணிகத்துள் முதன்மையானவற்றில் ஒன்று மனித வணிகம். கார்த்தேசையும் கொறிந்தையும் வென்று செல்வமெய்திய உரோமர்க்கு ஏராளமான அடிமைகள் தேவைப்பட்டனர். சிலீசியக் கரையிலிருந்த கடற்கொள்ளையர் ஆட்களைக் கவர்ந்து கொணர்ந்தனர். ஒரே நாளிற் பதினாயிரக் கணக்கான அடிமைகளை ஏற்றுக்கொண்டு அன்றே அனுப்பிவிடும் ஆற்றல் தீலொசுக்கு இருந்ததென்று ஸ்திராபோ எழுதுகின்றார். வணிகனைக் கப்பலைக் கட்டிச் சரக்கை இறக்குமாறு அழைத்து, யாவும் முன்னமே விலைப்பட்டுவிட்டன எனக் கூறும் பழமொழியும் இதனால் எழுந்ததாம். அவர் கூறியது நாடோறும் நிகழ்ந்த விற்பனையின் அளவு அன்று, துறைமுகத்தின் கொள்ளளவு. எனினும், இத்தொழில் எத்துணைப் பெரிதாய் இருந்தது என்பதற்கு அக்கூற்றே போதும். சிசிலியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த காலத்தில் தீலொசிலும் ஒரு கிளர்ச்சி தோன்றி அடக்கப்பட்டதெனத் தியோதோரசு கூறுகின்றார்.

இத்தாலியர் சதுக்கமே அச்சந்தை நிகழ்ந்த இடம் என்று வாதிக்கும் அறிஞர் உளர். அது குழுமியிருக்கவும் குளிக்கவும் சிலை நாட்டவும் எழுப்பிய இடமே என மறுப்போரும் உளர். இவ்வழக்குத் தீராமைக்குக் காரணம் எளியது. சதுக்கத்திற்குப் பொருளளித்தோரின் பெயர்கள் கல்லில் உள்ளன. சிலைகளின் பீடங்கள் உள்ளன. விலைப்பட்டுச் சென்றவர்களைக் குறித்து ஒரு கீறலும் இல்லை. துறைமுகச் சதுக்கத்திற் பெயர் பொறித்த அடிமைகளை இவ்விடத்து நினைக்க. அவர்கள் இங்கு தங்கி எசமானர் வீட்டிற் பணிசெய்தமையின் ஒரு கூட்டமாகச் சேர்ந்து பெயர் பொறிக்க முடிந்தது. ஒரு நாளில் வந்து அந்நாளிலேயே கப்பலேற்றப்பட்டோர்க்கு அதுவும் வாய்க்கவில்லை. பிறப்பும் இறப்பும் தீட்டெனக் கருதி விலக்கிய புனிதத் தீவில், மனிதரை விற்றல் தீட்டாகக் கருதப்படவில்லை. தீலொசின் எழில்களுள் எதனை மறந்தாலும் இதனை மறத்தல் தகாது.

வீடுகளும் அயல்நாட்டுத் தெய்வங்களும்

தெற்கே திரும்பினால் நாடகசாலைப் பகுதி. ஒடுங்கிய தெருக்கள் மேட்டில் ஏறிச் செல்கின்றன. இங்குள்ள செல்வர் வீடுகள் நம்மவர்க்குப் புதுமையாகத் தோன்றா. நடுவே திறந்த முற்றமும் அதனைச் சூழத் தூண்களும் அறைகளும் உடைய நாற்சார் வீடுகள் அவை. முற்றத்தின் கீழ் மழைநீரைச் சேர்க்கும் நீர்த்தொட்டி உண்டு. நன்னீர் அரிதாகிய தீவிற் கூரையில் வீழ்ந்த துளியும் வீணாகவில்லை. நாடகசாலையின் அருகே கருங்கல் வளைவுகளோடு கூடிய பெருந்தொட்டி ஒன்று உள்ளது. ஏறக்குறைய 5,500 பேர் அமரத்தக்க அரங்கில் வீழ்ந்த மழைநீர் அதனுள் ஓடிச் சேர்ந்தது.

முற்றங்களின் தரையில் நிறக்கற்களாற் பதித்த ஓவியங்கள் உள்ளன. தியோனீசியசு தெய்வம் வேங்கை மேல் அமர்ந்த காட்சி ஒரு வீட்டில். ஓங்கில்கள் துள்ளும் காட்சி மற்றொன்றில். ஓங்கில் வீட்டின் ஓவியத்தில் அதனை ஆக்கியவன் பினீசிய நாட்டு அராதொசு ஊரினன் என்பதும், வாயிற்றரையிற் கார்த்தேசியரின் தனித்து என்னும் பெண்தெய்வத்தின் குறியும் காணப்படுகின்றன. வேறொரு வீட்டில் தலையிழந்த இரு சிலைகள் அருகருகே நிற்கின்றன. ஏதென்சைச் சேர்ந்த கிளியோபத்திரா என்னும் பெண்மணி, தன் கணவன் தியொசுக்கூரிதீசு அப்பொலோ கோயிலுக்கு இரு வெள்ளி முக்காலிகளை அளித்ததைப் போற்றி, கி. மு. 138-137இல் அவன் சிலையை நாட்டினாள் என்று பீடத்து எழுத்துக் கூறும். முகங்கள் போயின, பெயரும் கொடையும் நின்றன.

மலைச்சாரலில் ஏறும்பொழுது அயல்நாட்டார் தெய்வங்களின் கோயில்கள் வரிசையாக எதிர்ப்படும். எகிப்தியரின் ஐசிசும் செராப்பிசும் ஒருபால். சிரியரின் தெய்வங்கள் மற்றொருபால். வடகிழக்குக் கரையிலே யூதரின் செபாலயம் எனக் கருதப்படும் கட்டடமும் உண்டு. செராப்பிசின் வழிபாடு இங்கு எவ்வாறு வேரூன்றியது என்பதைப் பூசகர் ஒருவரே கல்லில் எழுதுவித்துள்ளார். அவருடைய பாட்டனார் எகிப்தின் மெம்பிசு நகரிலிருந்து தம் தெய்வத்தோடு வந்தார். வாடகையிடத்தில் வைத்து வழிபட்டார். பேரனார் நிலம் வாங்கிக் கோயில் எடுத்தார். சிலர் பகைத்து வழக்குத் தொடுத்தனர். வழக்கில் அவரே வென்றார். புதிய நாட்டிற் குடியேறியோர் தம் தெய்வத்துக்கு ஓரிடம் பெறும் வரலாறு எக்காலத்தும் ஏறக்குறைய இவ்வாறே அமைவதை நோக்குக.

மலையுச்சியிலிருந்து

கிந்தொசு மலையின் உயரம் ஏறக்குறைய 112 மீற்றரே. எனினும் உச்சியில் நின்று நோக்குவார்க்குச் சைக்கிளாடீசுத் தீவுகள் சூழ நிற்பது தெரியும். அதன் பெயர்க்காரணம் இங்கு கண்ணாலேயே விளங்கும். மேற்கே, ஒடுங்கிய கடற்காலுக்கு அப்பால், றெனியா. தீலொசில் வாழ்ந்தோரின் பிறப்பும் இறப்பும் அங்கேயே நிகழ்ந்தன. கீழே நகரம் விரிந்து கிடக்கின்றது. அதனை நோக்குவோர் ஒன்றைக் கவனிப்பர்: வளம் பெருகிய காலத்தில் அத்துணைச் செல்வம் நிறைந்த நகரத்துக்கு மதில் இல்லை.

தெய்வத்தின் அச்சமே மதிலாய் நின்ற காலம் ஒன்றிருந்தது. கி. மு. 490இற் கிரேக்க நாட்டின்மேற் படையெடுத்த பாரசீகத் தளபதியும் தீலொசுக்குத் தீங்கு செய்யாது, பெருந்தூபம் இட்டு வணங்கிச் சென்றான் என்று எரோதோட்டசு கூறுவர். கோயில் மட்டும் இருந்தவரை அவ்வச்சம் காத்தது. பண்டகசாலைகள் பெருகி, உரோமரின் வணிகத்துக்குத் தீவு ஒரு சந்தையாகியபின், உரோமரின் பகைவர்க்கு அதுவே இலக்காயிற்று. கி. மு. 88இற் பொந்தசு நாட்டு மன்னன் ஆறாம் மிதிரிடேற்றிசின் படை வந்திறங்கியது. தீலொசிலும் பிறவிடங்களிலுமாக 20,000 பேர் கொல்லப்பட்டனர், அவருட் பெரும்பாலோர் இத்தாலியர், என்பது அப்பியன் கூற்று. பிற்காலத்து யாத்திரிகராகிய பௌசானியசு, ஆடவர் கொல்லப்பட்டனர் என்றும், பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாக்கப்பட்டனர் என்றும் எழுதுகின்றார். பிறர் மக்களை விற்ற துறையில் அவ்வூரார் மக்களும் விலைப்பொருளாயினர். கி. மு. 69இற் கடற்கொள்ளையர் மீண்டும் சூறையாடினர். அதன்பின்னரே திரியாரியசு என்னும் உரோமத் தளபதி அவசரமாக ஒரு மதில் எடுப்பித்தான். அதன் எச்சங்களை இன்றும் காணலாம். காலம் கடந்த மதில் அது. கிழக்கு நாடுகளின் சரக்கு நேரே இத்தாலியத் துறைகளை அடையத் தொடங்கியமையின், நடுவழியிலிருந்த சந்தைக்குத் தேவையும் இல்லாதொழிந்தது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிற் பௌசானியசு எழுதியபொழுது, ஏதென்சு அனுப்பிய காவலரை நீக்கினால் ஆளற்ற தீவு என்னும் நிலைக்கு அது வந்துவிட்டது.

அவ்வழிவே ஆராய்ச்சியாளர்க்கு ஆக்கமாயிற்று. மேலே புதுநகரம் எழாமையாற் பழைய நகரம் மண்ணுட் கிடந்தது. 1870களில் ஏதென்சிலுள்ள பிரெஞ்சுத் தொல்லியற் கழகத்தார் தொடங்கிய அகழ்வு இன்றும் தொடர்கின்றது. 1990இல் யுனெஸ்கோ இத்தீவினை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

மாணாக்கர்க்கு

படகு புறப்படுமுன் தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களையும் மீட்டும் நோக்குவோம். நாட்டினவர் யாவர் என்பதைத் தீலொசின் கற்கள் விரிவாகக் கூறுகின்றன: நக்சொசு, ஏதென்சு, மசிடோனியா, உரோம். பொருள் எங்கிருந்து வந்தது என்பதைப் பாதியே கூறுகின்றன. காணிக்கை, திறை, வட்டி என்பன கல்லில் உள்ளன, விற்ற மனிதரின் விலை அவ்வாறு தெரியவில்லை. விடப்பட்டோர் யாவர் என்பதைக் கற்கள் கூறவே மாட்டா. அதனை நூல்களோடு ஒப்பிட்டும், வெற்றிடங்களை உற்றுநோக்கியும் நாமே தேடிக்கொள்ளல் வேண்டும். ஸ்திராபோவின் சில வரிகள் இல்லையாயின், நிறக்கல் ஓவியங்களை வியந்து, அவற்றுக்கு விலை கொடுத்த கைகளை அறியாது நாம் மீண்டிருப்போம்.

சரித்திரம் கற்போன் கல்லை நம்புவானாக. ஆயின் கல் பேசியது போதும் என்று அமையாதிருப்பானாக. இம்முறை கிரேக்கத் தீவுக்கு மட்டும் உரியதன்று. விழா எடுத்து மலர் வெளியிடும் எந்நிறுவனத்தின் சுவரிலும் உபகாரிகளின் பெயர்கள் பொறித்த கற்கள் உண்டு. அவை இருத்தல் முறையே. அச்சுவரை எழுப்பக் கல்லும் சாந்தும் சுமந்தோரின் பெயர்களை முதியோர் சிலரே அறிவர். அவர்கள் உள்ளபொழுதே கேட்டு எழுதி வைத்தல் இளையோர் கடன். தீலொசில் அதனைக் கேட்டு எழுத எவரும் இலர். நமக்கு அக்குறை நேராதிருக்குமாக.